கூட்டினால் நகரும், பெருக்கினால் விரியும்

நுழையும் முன்

ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 70 என்றால், அவ்வகுப்பில் உள்ள அனைவரும் 70 பெற்றனர் என்பது பொருளன்று. சிலர் 95 பெற்றிருக்கலாம். சிலர் 40 பெற்றிருக்கலாம். எண்களின் நடுவிடத்தைச் சராசரி காட்டும். அந்நடுவிடத்திலிருந்து எண்கள் எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்பதைச் சராசரி காட்டாது. அதனைக் காட்ட வேறோர் அளவு வேண்டும். எண்கள் அனைத்தையும் ஒரே அளவு கூட்டினாலும் பெருக்கினாலும் இவ்விரண்டும் எவ்வாறு மாறும்? அம்மாற்றம் ஒரு மாணவரின் கல்லூரி இடத்தையே எவ்வாறு மாற்றக்கூடும்? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. தம்பானூரில் காத்திருப்போர்

திருவனந்தபுரம் நகரின் நடுவே அமைந்த பகுதி தம்பானூர். இங்குத் தொடர்வண்டி நிலையம் 1931ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் எதிரிலேயே கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து நிலையம் உள்ளது. நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை ஆகிய ஊர்களிலிருந்து வேலைக்காகவும் வணிகத்திற்காகவும் வருவோர் இந்நகரில் முதலில் காலடி வைக்கும் இடம் இதுவே. பொங்கலுக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஊரிலிருந்து தாத்தாவும் ஆச்சியும் வருவர். அவர்களை அழைத்துச் செல்ல வீட்டார் நடைமேடையில் காத்திருப்பர்.

ஊரிலிருந்து வர இரண்டு வண்டிகள் உள்ளன எனக் கொள்வோம். ஐந்து நாள்களில் முதல் வண்டி 8, 9, 10, 11, 12 நிமிடங்கள் தாமதமாக வந்தது. இரண்டாம் வண்டி 0, 0, 5, 15, 30 நிமிடங்கள் தாமதமாக வந்தது. (இவை விளக்கத்திற்காகக் கொண்ட எண்கள்.) இரண்டுக்கும் ஐந்து நாள் தாமதத்தின் கூட்டுத்தொகை 50. எனவே இரண்டின் சராசரியும் 10 நிமிடங்களே.

சராசரியை மட்டும் பார்ப்பவர் இரு வண்டிகளும் ஒன்றே என்பார். காத்திருப்பவர் அவ்வாறு சொல்லமாட்டார். முதல் வண்டிக்குப் பத்து நிமிடம் கழித்துச் சென்றால் போதும், ஏமாற்றம் இராது. இரண்டாம் வண்டிக்கும் அவ்வாறே பத்து நிமிடம் கழித்துச் சென்றால், ஒருநாள் ஆச்சி மூட்டையுடன் தனியே நின்றுகொண்டிருப்பார். மற்றொரு நாள் அழைக்கச் சென்றவர் மேலும் இருபது நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். காத்திருப்போரின் துன்பத்தைத் தீர்மானிப்பது சராசரி மட்டுமன்று, பரவலும் ஆகும்.

2. பரவலை அளக்கும் முறை

ஓர் எண்ணுக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டை விலக்கம் என்பர். முதல் வண்டியின் விலக்கங்கள் –2, –1, 0, 1, 2. இவற்றைக் கூட்டினால் சுழியமே கிடைக்கும். எந்த எண் தொகுதியை எடுத்தாலும் இவ்வாறே நிகழும். சராசரிக்கு மேலே உள்ளவையும் கீழே உள்ளவையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு விலக்கத்தையும் வர்க்கப்படுத்துவர். குறை எண்ணின் வர்க்கமும் மிகை எண்ணாகவே இருக்கும் என்பதால் அவை ஒன்றையொன்று அழிக்க இயலாது.

முதல் வண்டிக்கு வர்க்கங்கள் 4, 1, 0, 1, 4. அவற்றின் கூடுதல் 10, சராசரி 2. இதுவே விலக்க வர்க்கச் சராசரி எனப்படும். இரண்டாம் வண்டியின் விலக்கங்கள் –10, –10, –5, 5, 20. வர்க்கங்கள் 100, 100, 25, 25, 400. கூடுதல் 650, விலக்க வர்க்கச் சராசரி 130.

2 எங்கே, 130 எங்கே! சராசரி மறைத்த வேறுபாட்டை இவ்வளவு வெளிப்படுத்திவிட்டது. ஆயினும் இதில் ஓர் இடர் உண்டு. நிமிடங்களை வர்க்கப்படுத்தியதால் விடையும் நிமிட வர்க்கத்தில் அமைகிறது. பழைய அலகிற்குத் திரும்ப வர்க்கமூலம் காண வேண்டும். அவ்வாறு கிடைப்பது திட்ட விலக்கம். முதல் வண்டியின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 1.4 நிமிடம், இரண்டாம் வண்டியினுடையது ஏறத்தாழ 11.4 நிமிடம்.

3. கூட்டினால் என்ன நிகழும்?

தாமதத்தைக் குறித்தவரின் கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் விரைவாக ஓடியிருந்தது எனக் கொள்வோம். முதல் வண்டியின் தாமதம் 8, 9, 10, 11, 12 என்பதற்கு மாறாக 13, 14, 15, 16, 17 என அவருடைய ஏட்டில் பதிவாகியிருக்கும். சராசரி 10இலிருந்து 15ஆக உயர்கிறது. விலக்கங்களோ முன்போலவே –2, –1, 0, 1, 2. விலக்க வர்க்கச் சராசரி 2ஆகவே நிற்கிறது.

காரணம் எளிது. வரிசையில் நிற்கும் ஐவரும் ஒரே நேரத்தில் ஐந்தடி முன்னே நகர்ந்தால், வரிசையின் நடுவிடம் ஐந்தடி நகரும். ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள இடைவெளி மாறாது. ஓர் எண்ணைக் கழிப்பதற்கும் இதே விதி பொருந்தும்.

4. பெருக்கினால் என்ன நிகழும்?

அதே தாமதத்தை நொடிகளில் எழுதுவோம். ஒவ்வோர் எண்ணும் 60ஆல் பெருக்கப்படும்: 480, 540, 600, 660, 720. சராசரி 600 நொடி. அதாவது 60 மடங்கு. விலக்கங்கள் –120, –60, 0, 60, 120. இவையும் 60 மடங்கு. எனவே திட்ட விலக்கமும் 60 மடங்கு ஆகிறது. விலக்க வர்க்கச் சராசரியோ 2இலிருந்து 7200ஆக உயர்கிறது. இது 60 மடங்கன்று. 60 × 60, அதாவது 3600 மடங்கு.

ஏன் இவ்வாறு? ஒரு சதுரக் கோலத்தின் பக்கத்தை இருமடங்கு ஆக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்கு ஆகும். பக்கத்தை மும்மடங்கு ஆக்கினால் பரப்பு ஒன்பது மடங்கு ஆகும். விலக்கம் பக்கம் போன்றது. விலக்க வர்க்கம் பரப்புப் போன்றது. பக்கம் 60 மடங்கு வளர்ந்தால் பரப்பு 3600 மடங்கு வளரும்.

வண்டி முன்பைவிடத் தாமதமாக வரவில்லை; அலகுதான் மாறியது. ஆகவே ‘விலக்க வர்க்கச் சராசரி 7200’ என்று யாரேனும் கூறினால் அஞ்சுவதற்கு முன், ‘எந்த அலகில்?’ என்று கேட்டல் வேண்டும்.

5. வெப்பமானியின் இரு மொழிகள்

கூட்டலும் பெருக்கலும் ஒருங்கே நிகழும் இடமும் உண்டு. தம்பானூருக்கு வடக்கே உள்ள ஒரு குன்றின்மீது, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837ஆம் ஆண்டு ஒரு வானாய்வு நிலையம் நிறுவப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் ஜான் கால்டிகாட். விண்மீன்களோடு வெப்பநிலை, காற்றழுத்தம் போன்றவையும் அங்குக் குறிக்கப்பட்டன. ஆங்கிலேயர் காலத்து வெப்பமானிகள் பாரன்ஹீட் அளவில் பேசின. இன்றைய வானிலை அறிக்கை செல்சியஸ் அளவில் பேசுகிறது. பழைய ஏட்டையும் புதிய ஏட்டையும் ஒப்பிட விரும்புவோர் முதலில் 32ஐக் கழித்துப் பிறகு 1.8ஆல் வகுக்க வேண்டும்.

77, 86, 95 பாரன்ஹீட் என்னும் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்வோம். இவை செல்சியஸில் 25, 30, 35 ஆகும். சராசரி 86, அது செல்சியஸில் 30. சராசரிக்கு அந்த 32ம் 1.8ம் ஆகிய இரண்டும் பொருந்துகின்றன. பரவலைப் பார்ப்போம். பாரன்ஹீட்டில் விலக்கங்கள் –9, 0, 9. செல்சியஸில் –5, 0, 5. ஒன்பதை 1.8ஆல் வகுத்தால் ஐந்து. 32 எங்கும் தலைகாட்டவில்லை! கழித்தல் பரவலைத் தொடாது என்னும் விதி இங்கு மெய்ப்படுகிறது.

6. கட் ஆஃப் மதிப்பெண்ணில் மறைந்திருக்கும் பெருக்கல்

இதுவரை கண்டது அலகு மாற்றம். மதிப்பெண்ணில் இதே கணக்கு நுழையும்போது அது மாணவரின் எதிர்காலத்தைத் தொடுகிறது.

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான கட் ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதாவது கணித மதிப்பெண் அப்படியே நிற்க, ஏனைய இரண்டும் பாதியாக்கப்படுகின்றன. மூன்று பாடங்களிலும் திட்ட விலக்கம் 12 எனக் கொண்டால், பாதியாக்கிய பின் கணிதத்தில் 12. மற்ற இரண்டிலும் 6. விலக்க வர்க்கச் சராசரி முறையே 144, 36, 36. மாணவரிடையே கணிதம் ஏற்படுத்தும் இடைவெளியே பெரிதாகிவிடுகிறது. பல மதிப்பெண்களைக் கூட்டித் தரவரிசை காணும்போது, எந்தப் பாடத்தின் பரவல் பெரிதோ அப்பாடமே வரிசையை மிகுதியாகத் தீர்மானிக்கும்.

ஒரு மாணவர் கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 80 பெற்றார், கூடுதல் 250. மற்றொருவர் 80, 90, 90 பெற்றார், கூடுதல் 260. நேரடியாகக் கூட்டினால் இரண்டாமவரே முந்துவார். கட் ஆஃப் முறையில் முதலாமவருக்கு 90 + 40 + 40 = 170; இரண்டாமவருக்கு 80 + 45 + 45 = 170. இருவரும் சமம் ஆகின்றனர். எவரும் ஒரு வினாவைக்கூடக் கூடுதலாக எழுதவில்லை. பெருக்கும் எண்தான் மாறியது.

7. இரு வாரியங்கள், இரு தராசுகள்

தம்பானூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்தைப் படிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கேரள மாநில வாரியப் பாடத்தைப் படிக்கும். திருநெல்வேலியில் உள்ள அத்தை மகன் தமிழ்நாட்டு வாரியப் பாடத்தைப் படிப்பான். ஒரு வாரியத்தில் 260 பெறுவதும் மற்றொரு வாரியத்தில் 260 பெறுவதும் ஒன்றா? வினாத்தாள் வேறு, திருத்தும் முறை வேறு. ஆகவே ஒரே கல்லூரி இடத்துக்கு இவர்கள் போட்டியிடும்போது மதிப்பெண்களைப் பொது அளவுக்குக் கொண்டுவர வேண்டியுள்ளது. இதற்கு இரு முறைகள் உண்டு.

முதல் முறை சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கொண்டது. ‘அ’ வாரியத்தின் சராசரி 240, திட்ட விலக்கம் 20 என்றும், ‘ஆ’ வாரியத்தின் சராசரி 210, திட்ட விலக்கம் 30 என்றும் கொள்வோம். ‘அ’ வாரியத்தில் 260 பெற்றவர் தம் வாரியச் சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் மேலே நிற்கிறார். ‘ஆ’ வாரியத்தில் 240 பெற்றவரும் ஒரு திட்ட விலக்கம் மேலேயே நிற்கிறார். தத்தம் கூட்டத்தில் இருவரின் நிலையும் ஒன்றே. இப்போது நாம் கற்ற இரு விதிகளையும் பயன்படுத்தலாம். சராசரியைக் கழித்தால் ஒவ்வொரு வாரியத்தின் சராசரியும் சுழியமாகும், பரவல் மாறாது. திட்ட விலக்கத்தால் வகுத்தால் பரவல் 1 ஆகும். பிறகு பொதுவான 25ஆல் பெருக்கி 225ஐக் கூட்டினால் இருவரும் 250 பெறுவர்.

இரண்டாம் முறை உயர்ந்த மதிப்பெண்ணை மட்டும் கொண்டது. ‘அ’ வாரியத்தில் முதல் மாணவர் 300ம், ‘ஆ’ வாரியத்தில் முதல் மாணவர் 285ம் பெற்றனர் எனில், 285ஐ 300ஆகக் கொண்டு ‘ஆ’ வாரியத்தார் அனைவரின் மதிப்பெண்ணையும் அதே விகிதத்தில் உயர்த்துவர். 240 என்பது ஏறத்தாழ 252.6 ஆகும். இங்குப் பெருக்கல் மட்டுமே உண்டு. எனவே சராசரியும் திட்ட விலக்கமும் ஒரே மடங்கில் உயர்கின்றன. ‘ஆ’ வாரியச் சராசரி ஏறத்தாழ 221 ஆகுமேயன்றி 240ஐ எட்டாது. முதல் முறையில் சமமாக நின்ற இருவரும் இம்முறையில் 260, 252.6 எனப் பிரிந்துவிடுகின்றனர்.

இரண்டில் எது நேர்மையானது? முதல் முறை, இரு வாரிய மாணவர்களின் திறனும் மொத்தத்தில் ஒன்றே என்று எண்ணிக்கொள்கிறது. அவ்வெண்ணம் தவறானால் ஒரு சாராருக்கு இழப்பு நேரும். இரண்டாம் முறை ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு இலட்சம் பேரை அளக்கிறது. இரு வாரியத்திலும் முதல் மாணவர் முழு மதிப்பெண் பெற்றுவிட்டால் எந்தத் திருத்தமும் நிகழாது. குறையற்ற முறை எதுவும் இல்லை. எந்தக் குறையை ஏற்றுக்கொள்கிறோம் என்பதை முன்னரே அறிவித்துவிட வேண்டும்.

8. 2025இல் நிகழ்ந்தது

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. கேரளத்தில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு ‘கீம்’ எனப்படும். அதனை நடத்தும் ஆணையர் அலுவலகம் தம்பானூரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், சாந்தி நகரில் உள்ளது. தரவரிசையில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் பன்னிரண்டாம் வகுப்பின் மூன்று அறிவியல் பாட மதிப்பெண்ணுக்கும் சம பங்கு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பொது அளவாக்கச் சராசரியும் திட்ட விலக்கமும் கொண்ட முறை பின்பற்றப்பட்டு வந்தது. அதனால் தம் மதிப்பெண் குறைந்துவிடுகிறது என மாநில வாரிய மாணவர் பலர் குறைகூறி வந்தனர்.

2025 ஜூலை 1 அன்று தரவரிசைப் பட்டியல் வெளியாயிற்று. அதே நாளில் முறையும் மாற்றப்பட்டது. தமிழ்நாட்டைப் போன்று உயர்ந்த மதிப்பெண் முறை கொண்டுவரப்பட்டது. மூன்று பாடங்களுக்கும் சம பங்கு என்பதற்கு மாறாகக் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுக்கு 5 : 3 : 2 என்னும் பங்கு அளிக்கப்பட்டது. மத்திய வாரியத்தில் பயின்றோர் தரப்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஜூலை 9 அன்று கேரள உயர் நீதிமன்றம் அம்மாற்றத்தை நீக்கியது. தேர்வு முடிந்த பின், இறுதிக் கட்டத்தில் விதியை மாற்றியதே நீதிமன்றம் கண்ட பிழை. மறுநாள் இரு நீதிபதிகள் அமர்வும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பழைய முறைப்படி புதிய பட்டியல் வெளியிடப்பட்டது.

முதலிடம் உட்படப் பலருடைய இடங்கள் மாறின. இரு பட்டியல்களுக்கும் இடையே எவரும் மறுதேர்வு எழுதவில்லை. எவருடைய விடையும் மாறவில்லை. மாறியவை கழிக்கும் எண்ணும் பெருக்கும் எண்ணுமே. ஒரு பட்டியலில் மகிழ்ந்தவர் மறு பட்டியலில் கலங்கினார், கலங்கியவர் மகிழ்ந்தார். இரு சாராரும் உழைத்துப் படித்தவர்களே.

ஆகவே மதிப்பெண் ஒன்றைக் காணும்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. சராசரி எவ்வளவு? பரவல் எவ்வளவு? இவ்வெண் எதனால் கூட்டப்பட்டு, எதனால் பெருக்கப்பட்டு இவ்வடிவம் பெற்றது? இவற்றுக்கு விடை தெரியாமல் அத்தை மகனின் மதிப்பெண்ணோடு தன் மதிப்பெண்ணை ஒப்பிட்டுத் தருக்குவதும் தளர்வதும் வேண்டா.

நினைவில் கொள்க

• அனைத்து எண்களுடனும் ஒரே எண்ணைக் கூட்டினால் சராசரி அவ்வளவு உயரும். திட்ட விலக்கமும் விலக்க வர்க்கச் சராசரியும் மாறா.
• அனைத்து எண்களையும் ஒரே மிகை எண்ணால் பெருக்கினால் சராசரியும் திட்ட விலக்கமும் அம்மடங்கு மாறும். விலக்க வர்க்கச் சராசரி அம்மடங்கின் வர்க்க அளவு மாறும்.

சொல்லும் பொருளும்

சுழியம் – பூச்சியம்
பரவல் – எண்கள் விலகி நிற்கும் அளவு
மெய்ப்படுதல் – உண்மையாதல்
சாரார் – ஒரு பக்கத்தினர்
தருக்குதல் – செருக்குக் கொள்ளுதல்

பயிற்சி

அ. விடை காண்க.
1. தோவாளையிலிருந்து வரும் மல்லிகையை விற்கும் ஒரு கடையில் ஐந்து நாள் விற்பனை 3, 4, 5, 6, 7 கிலோ. சராசரி, விலக்க வர்க்கச் சராசரி ஆகியவற்றைக் காண்க. கிராம் அளவில் எழுதினால் இவை எத்தனை மடங்கு ஆகும்?
2. வினாத்தாளில் பிழை இருந்தமையால் அனைவருக்கும் 5 மதிப்பெண் கூடுதலாக அளிக்கப்பட்டது. வகுப்பின் தரவரிசை மாறுமா? காரணம் கூறுக.
3. 68, 77, 86 பாரன்ஹீட் அளவுகளைச் செல்சியஸுக்கு மாற்றி, இரு அளவுகளிலும் திட்ட விலக்கத்தை ஒப்பிடுக.

ஆ. ஐந்து வரிகளில் விடை எழுதுக.
1. சராசரி ஒன்றாயினும் இரு வண்டிகளும் ஒன்றல்ல என்பதை விளக்குக.
2. உயர்ந்த மதிப்பெண் முறையின் நிறையையும் குறையையும் எழுதுக.

இ. பேசுக.
‘விளையாட்டுத் தொடங்கிய பின் விதியை மாற்றலாகாது’ – 2025 நிகழ்வை முன்வைத்து வகுப்பில் உரையாடுக.